சுஜாதாவை எந்த எழுத்தில் தேடுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ கையில் எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

2015 அக்டோபர் 1ஆம் தேதி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டப்ளின் (அயர்லாந்து டப்ளின் இல்லீங்க, இது வேற ஊரு). ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு அன்றைக்குத் தன்னுடைய கடைசிக் கட்டு கேட்டலாக் கார்டுகளை அச்சடித்தது. 1971இல் ஆரம்பித்து 44 வருஷத்தில் அவர்கள் அடித்துக் கொடுத்த கார்டுகள் சுமார் 190 கோடி. அன்றோடு கடையைக் கட்டியாச்சு.

"அட, 2015 வரைக்குமா கார்டு அடிச்சாங்க!"ன்னு பல பேர் ஆச்சரியப்பட்டார்கள். என் ஆச்சரியம் வேற. அச்சடித்த கார்டு போய்விட்டது, சரி. ஆனால் கார்டுக்குப் பின்னால் இருந்த சிந்தனை போகவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளும் அதே கார்டுதான் பல பத்தாண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியேற்ற நூலகர்கள் படும் பாடுதான் இந்தப் பதிவு. நமக்கென்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு: தமிழ்ப் பெயர்களுக்கு இதில் நேரடி சம்பந்தம் இருக்கு. படிச்சிட்டுச் சொல்லுங்க.

பெயர்தான் சாவி

மர டிராயரை இழுத்து, கார்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு புத்தகத்துக்கு ஒரு கார்டு போதாது. ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று. எல்லாம் அகரவரிசை. கார்டின் உச்சியில் என்ன எழுதியிருக்கோ அதை வைத்துத்தான் அந்தக் கார்டுக்கு டிராயரில் இடம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) 1901இல் கார்டுகளை அச்சடித்து மற்ற நூலகங்களுக்கு விற்க ஆரம்பித்தது. ஒரே புத்தகத்துக்கு ஆயிரம் ஊரில் ஆயிரம் பேர் தனித்தனியாகக் கார்டு எழுத வேண்டாம், ஒருத்தர் எழுதினால் எல்லோரும் வாங்கிக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் கூடவே ஒரு கட்டாயமும் வந்தது. எல்லோருடைய கார்டும் ஒரே டிராயருக்குள் ஒழுங்காக நிற்க வேண்டுமென்றால், ஒரு ஆளுக்கு ஒரே பெயர், ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று யாராவது தீர்ப்பு சொல்லணும். சாமுவேல் கிளெமன்ஸ்னு போடுவதா, மார்க் ட்வைன்னு போடுவதா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதற்கு "அங்கே போய்ப் பார்" என்று ஒரு வழிகாட்டிக் கார்டு. இந்தத் தீர்ப்புகளின் தொகுப்புக்கு நூலகர்கள் வைத்த பெயர் அதாரிட்டி ஃபைல்.

சமையல் புத்தகங்களை எடுத்துக்கோங்க. அந்த நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியலில் சமையலுக்கு இருந்த சொல் "குக்கரி". சாதாரண அமெரிக்கர் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அது "குக்கிங்" ஆனது 2010இல்தான்! ஒரு சொல்லை மாற்றினால் அந்தச் சொல் எழுதிய ஒவ்வொரு கார்டையும், பின்னாளில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் பதிவையும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். அதனால் யாருக்கும் கை வராது.

சமையலாவது பரவாயில்லை. அனுமதியில்லாமல் குடியேறியவர்களைக் குறிக்க அதே பட்டியலில் "இல்லீகல் ஏலியன்ஸ்" என்று ஒரு தலைப்பு. மனுஷனையே சட்டவிரோதம் என்று சொல்லலாமா என்று டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014இல் மாற்றக் கோரினார்கள். 2016இல் நூலகம் சம்மதித்தது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மாற்றம் அறிவிக்கப்பட்டது 2021 நவம்பரில். ஒரு தலைப்புச் சொல்லுக்கு ஏழு வருஷம். உச்சியில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் இடம் என்றால், அந்த இடத்துக்குச் சண்டை நடக்கத்தானே செய்யும்?

கார்டு கம்ப்யூட்டருக்குள் போன கதை

ஹென்ரியெட் ஏவ்ரம் என்ற பெண்மணி 1965இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் வேலைக்குச் சேர்ந்தார். நூலகப் படிப்பு படித்தவர் இல்லை. 1950களில் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வில் ஐ.பி.எம். இயந்திரங்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். கார்டில் இருப்பதை இயந்திரம் படிக்கிற மாதிரி எப்படி எழுதுவது என்று அவரிடம் கேட்டார்கள். அவர் கார்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மூன்றிலக்க எண் கொடுத்தார். 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் பொருள். 1966இல் 16 நூலகங்களோடு வெள்ளோட்டம், 1969இலிருந்து காந்த நாடாவில் வாராவாரம் விநியோகம். இதுதான் மார்க். 1973இல் உலகத் தரமாகவும் ஆனது.

மார்க்கைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. இணையம் பிறப்பதற்கு 20 வருஷம் முன்னாடி, மெமரி தங்க விலை விற்ற காலத்தில், ஒரு தொழிலே முழுசாக ஒரே வடிவத்துக்கு ஒத்துக்கொண்டது சாதாரண காரியமில்லை. ஆனால் ஏவ்ரமிடம் கேட்டது கார்டை இயந்திரத்துக்குள் அனுப்பச் சொல்லி. அவர் அதைக் கச்சிதமாகச் செய்தார். அதனால் கார்டின் குணமும் கூடவே போய்விட்டது. அங்கேயும் பெயர்தான் சாவி. இரண்டு பதிவுகளில் இருக்கும் ஆசிரியர் ஒரே ஆளா என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்? பெயரின் எழுத்துகளை வரிசையாக ஒப்பிட்டுத்தான். ஒரு கமா பிசகினால் அவர் வேறு ஆள்!

இங்கேதான் நாம வர்றோம்

அமெரிக்க நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் ஏகப்பட்டது இருப்பதற்குக் காரணம் கோதுமை. நம்புங்க. 1954இல் வந்த பி.எல்.480 என்ற சட்டத்தின் கீழ் இந்தியா அமெரிக்காவிடம் கோதுமை வாங்கி, விலையை ரூபாயில் கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியை வைத்து இந்தியப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்ப 1962இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் டெல்லியில் அலுவலகம் திறந்தது. சிகாகோ மாதிரி பல்கலைக்கழகங்களில் இன்றைக்கும் தமிழ் நாவல்கள் அலமாரி அலமாரியாக இருப்பதன் வேர் அதுதான்.

புத்தகம் போனது. பட்டியலில் எப்படிப் போனது? ரோமன் எழுத்தில். மார்க்குக்கென்று பழைய எழுத்துக் குறிமுறை ஒன்று இருந்தது. அதில் சீனம், ஜப்பான், கொரியா, அரபி, ஹீப்ரு, ரஷ்யன், கிரேக்கம் எல்லாம் இடம்பிடித்தன. தமிழ் இல்லை. (இந்தி, வங்காளம், தெலுங்கும் இல்லை. நாம மட்டும் தனியா அழ வேண்டாம்.) யுனிகோடு வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

தமிழை ரோமனில் எழுத நூலகர்களுக்கு ஒரு விதி உண்டு. எழுத்துக்கு எழுத்து மாற்ற வேண்டும், ஒலியைப் பார்க்கக் கூடாது. 'ச' வந்தால் ஆங்கிலத்து 'சி' போடணும். ஆக, நம்ம சுஜாதா 'எஸ்' டிராயரில் கிடைக்க மாட்டார். 'சி' டிராயரில் இருப்பார்! விதி தெரிந்த ஆராய்ச்சி மாணவருக்குப் பிரச்சனையில்லை. புத்தக அட்டையில் எஸ் போட்டு எழுதியதைப் பார்த்துப் பழகிய வாசகர், அங்கே ஒரு வழிகாட்டிக் கார்டு போட்டிருந்தால் பிழைத்தார், இல்லையென்றால் "இந்த லைப்ரரியில் சுஜாதாவே இல்லை"ன்னு நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

இதில் இன்னும் சிக்கல் உண்டு. சுஜாதா என்பது எஸ். ரங்கராஜன் தன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு எழுதிய புனைபெயர். அந்தப் பெயரில் எழுதுகிற வேறு ஆட்களும் இருக்கலாம். அப்புறம் முன்னெழுத்து விவகாரம். நம்ம இனிஷியலை வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர் பெட்டிக்குள் திணித்துப் பார்த்த எல்லோருக்கும் அந்த வேதனை புரியும். விசா ஃபாரம் நிரப்பியவர்கள் கை தூக்குங்க :-)

யாரும் வேணும்னு செய்த அநியாயம் இல்லை இது. உச்சியில் ஒரே பெயர், ஒரே எழுத்து என்று வைத்துவிட்டால், மற்ற எழுத்தெல்லாம் வழிகாட்டிக் கார்டுக்குத்தான் போக முடியும். அமைப்பே அப்படி.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்

இணையத்தை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2001 மே மாதம், இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். செமான்டிக் வெப் என்ற கனவு. மனிதர் படிக்கிற பக்கங்கள் மட்டும் இல்லாமல், இயந்திரமே பொருள் புரிந்துகொள்ளும் தரவும் இணையத்தில் இருக்கும். அம்மாவுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்டை மென்பொருளே தேடிப் பிடித்து வாங்கிவிடும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த வடிவத்தில் அது நடக்கவில்லை. 2006இல் அவரே கொஞ்சம் கீழே இறங்கி, லிங்க்டு டேட்டா என்று நான்கு எளிய விதிகள் எழுதினார். சுருக்கமாக:

ஒன்று, பக்கத்துக்கு மட்டுமில்லை, உலகத்தில் உள்ள ஆள், ஊர், புத்தகம், கருத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடு. இரண்டு, அது பிரவுசரில் போட்டுத் திறக்கக்கூடிய இணைய முகவரியாக இருக்கட்டும். மூன்று, திறந்தால் அங்கே உருப்படியான தகவல் இருக்கட்டும். நான்கு, அங்கிருந்து மற்ற முகவரிகளுக்குச் சுட்டி கொடு.

தகவலை எழுதும் முறை ஆர்.டி.எஃப். நாம பள்ளிக்கூடத்தில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்தான், வேறொன்றுமில்லை. 'கரையெல்லாம் செண்பகப்பூ' - எழுதியவர் - சுஜாதா. மூன்று துண்டு, ஒரு வாக்கியம். விஷயம் என்னவென்றால், இந்த மூன்று துண்டுமே பெயர்கள் இல்லை, முகவரிகள். சுஜாதா என்ற இடத்தில் சொல் இல்லை, அந்த ஆளைக் குறிக்கும் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்குக் கீழே தனித்தனி வாக்கியங்களாக: தமிழில் இவர் பெயர் இது, ரோமனில் இது, இந்தியில் இது, இயற்பெயர் இது. எல்லாம் சமமாக உட்காரும். உச்சி என்று ஒன்று இல்லவே இல்லை!

கார்டைத் துண்டு துண்டாக்கி, தேவைக்கேற்பக் கோப்பது. இதைப் படிக்கும்போது சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் ஞாபகம் வராமல் இருக்காது. கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டனுக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பார்த்து, அறிவுத்துறைகளையும் இப்படித் துண்டுகளாக வைத்து முடுக்கிக் கோக்கலாமே என்று யோசித்தார். 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்புமுறை அப்படித்தான் வேலை செய்யும். அதுக்காக "லிங்க்டு டேட்டாவை நம்மாளு அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டார்"ன்னு ஃபார்வர்ட் மெயில் அனுப்பிடாதீங்க. அவர் கோத்தது வகுப்பு எண்களை. இவர்கள் கோப்பது உலகம் பூராவும் சிதறிக் கிடக்கும் தரவை. ஆனால் முழு பொம்மையைச் செய்து கொடுக்காதே, துண்டுகளைக் கொடு என்ற புத்தி இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு முகவரி செத்த கதை

நூலகங்கள் இதைக் கையில் எடுத்தது 2008இல். ஸ்வீடன் தேசிய நூலகம் லிப்ரிஸ் என்ற தன் கூட்டுப் பட்டியலை அந்த வருஷம் லிங்க்டு டேட்டாவாக வெளியிட்டது.

அதே வருஷம் அமெரிக்காவில் ஒரு நாடகம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் வேலை பார்த்த எட் சம்மர்ஸ் என்ற நிரலாளர், அந்த நூலகத்தின் பொருள் தலைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடுத்து, எல்.சி.எஸ்.ஹெச். டாட் இன்ஃபோ என்ற தளத்தில் போட்டார். சோதனை முயற்சி. பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தோஷம். நூறு வருஷத்துக்கு மேல் கட்டிய பட்டியல், முதல் தடவையாக யார் வேண்டுமானாலும் சுட்டி கொடுக்கக்கூடிய வடிவில்! 2008 டிசம்பரில், நூலகம் கேட்டுக்கொண்டதன் பேரில், அவர் அதை மூட வேண்டியதாயிற்று.

அப்போது எழுந்த வருத்தம் தொழில்நுட்பத்தைப் பற்றியது இல்லை. ஒரு முகவரியைக் கொடுத்து "இதைச் சுட்டுங்க"ன்னு சொல்வது ஒரு வாக்கு. பெர்னர்ஸ்-லீ 1998லேயே, நல்ல முகவரி என்றால் மாறாமல் இருக்கணும் என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தனி மனிதர் அந்த வாக்கைக் கொடுக்கலாம், காப்பாற்ற ஒரு நிறுவனம் பின்னால் நிற்கணும். நல்லவேளையாக நிறுவனம் விழித்துக்கொண்டது. 2009இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸே தன் சொந்த முகவரியில் இதே சேவையைத் தொடங்கியது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். 2010இல் ஜெர்மன் தேசிய நூலகம். 2011இல் பிரிட்டிஷ் நூலகமும் பிரான்ஸ் தேசிய நூலகமும். 2012இல் ஓ.சி.எல்.சி. தன் வேர்ல்டுகேட் பக்கங்களில் தேடுபொறிகளுக்குப் புரியும் குறியீடுகளைச் சேர்த்தது. மார்க்குக்கு மாற்றாக பிப்ஃப்ரேம் என்ற புது வடிவத்தை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2011இல் அறிவித்தது, 2012இல் முதல் வரைவு, 2016இல் இரண்டாம் பதிப்பு. 2018இல் ஸ்வீடன் மறுபடி முந்திக்கொண்டது: பழைய பட்டியலின் மேல் பூசுவதை விட்டுவிட்டு, பட்டியல் எழுதும் அமைப்பையே பிப்ஃப்ரேம் அடிப்படையில் மாற்றிவிட்டார்கள்.

பெயர் சிக்கலுக்கு மருந்து வயாஃப். 2003இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், ஜெர்மன் நூலகம், ஓ.சி.எல்.சி. மூவரும் தொடங்கியது. பல நாட்டு நூலகங்களின் அதாரிட்டி ஃபைல்களை ஒப்பிட்டு, "உங்க ஊர்ல இப்படி எழுதற ஆளும் எங்க ஊர்ல அப்படி எழுதற ஆளும் ஒருத்தர்தான்" என்று ஒரே எண்ணுக்குக் கீழே கட்டி வைக்கும். யாரும் யார் பெயரையும் மாற்ற வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சில் வைத்துக்கொள்ளட்டும், ரஷ்யர் ரஷ்யனில்.

அப்போ எல்லாம் சுபமா?

இல்லீங்க. "மார்க் செத்தாக வேண்டும்" என்று ராய் டென்னன்ட் என்ற நூலகர் 2002லேயே எழுதிவிட்டார். மார்க் இன்றைக்கும் உயிரோடு, பல நூலகங்களில் கைநிறைய வேலையோடு இருக்கிறது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. நூலக மென்பொருள், ஊழியர் பயிற்சி, கோடிக்கணக்கான பழைய பதிவுகள் எல்லாம் அதன் மேல் கட்டியவை. மாற்றப் பணமும் ஆளும் வேண்டும். ஸ்வீடனால் முடிகிறது. ஒரு மாவட்ட மைய நூலகத்தால்?

இன்னொன்று, நான் மேலே சொன்ன வாக்கு. பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் 2023 அக்டோபரில் சைபர் தாக்குதல் நடந்தது. ஆன்லைன் சேவைகள் முடங்கின. முக்கியப் பட்டியலைத் தேட மறுபடி வழி கிடைத்தது 2024 ஜனவரியில். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இந்த கதி. டிராயர் கார்டுக்கு இந்த ஆபத்து கிடையாது. உலகமே ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நிற்கும்போது, நடுவில் ஒரு கம்பம் சாய்ந்தால் எத்தனை கம்பி அறும் என்பது கவலைக்குரிய கேள்வி. 2009இல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது எத்தனை சுட்டிகள் அனாதையாயின என்று பார்த்தவர்கள்தானே நாம?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. அமைப்பு தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. உச்சி இல்லை, எல்லா எழுத்தும் சமம். ஆனால் அந்த இடத்தில் தமிழை யார் எழுதுவது? முன்னாடி "உங்க கம்ப்யூட்டர்ல தமிழே வராதே"ன்னு குறை சொல்லலாம், நியாயம் இருந்தது. இப்போது அந்தச் சாக்கு கிடையாது. காலி இடம் காலியாகவே இருந்தால் இயந்திரம் ரோமனைத்தான் காட்டும், அது ஒன்றுதான் அங்கே இருக்கும்.

2012 அக்டோபரில் தொடங்கிய விக்கிடேட்டா இந்தச் சங்கிலியில் இப்போது ஒரு பெரிய கண்ணி. நூலக எண்களும் வயாஃப் எண்ணும் அங்கே ஒரே பக்கத்தில் கோக்கப்படுகின்றன. தமிழ் மொழிக்கே அங்கே ஒரு எண் உண்டு: க்யூ5885. லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தலைப்பை மாற்ற நாடாளுமன்றத்தோடு மல்லுக்கட்டணும். விக்கிடேட்டாவில் ஒரு எழுத்தாளரின் பக்கத்தைத் திறந்து தமிழ்ப் பெயர், புனைபெயர், இனிஷியலோடு இயற்பெயர் எல்லாம் சேர்க்க அஞ்சு நிமிஷம் போதும், யார் அனுமதியும் வேண்டாம்.

உங்க ஊர்க்காரர் ஒருத்தர், நாலே நாலு புத்தகம் போட்டுவிட்டு மறைந்துபோன எழுத்தாளர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் புத்தகத்தில் ஏதாவது ஒன்று கோதுமைக் காசில் சிகாகோ போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். அங்கே அவருக்கு ரோமனில் ஒரு பெயர் இருக்கும். தமிழில் அவர் பெயர் என்ன, அந்தப் புனைபெயர் யாருடையது என்பது உங்களுக்குத் தெரியும், அங்கே இருக்கிற யாருக்கும் தெரியாது. போய் எழுதிட்டு வாங்க. எழுதினவங்க பின்னூட்டத்தில் யாருடைய பெயர்னு சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.

பி.கு.: அப்படியே உங்க பழைய பதிவுகளின் முகவரியை மாற்றாமல் வெச்சுக்கோங்க. யாராவது சுட்டி கொடுத்திருப்பாங்க :-)